பன்னிரண்டாயிரத்துக்கு மேலே

முதல்முறை அதைப் போட்டுக் காட்டியபோது
ஹில்லா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
தோளில் இருந்த பனி சொட்டுச் சொட்டாய்
என் மரத்தரையில் விழுந்துகொண்டிருந்தது.
நாற்பத்திரண்டு நிமிடம், ஒரே சுரம்.
சுரம் என்றுகூடச் சொல்ல முடியாது,
நள்ளிரவில் ஃபிரிட்ஜ் எதையோ யோசிப்பதுபோல ஒரு ரீங்காரம்.
"மொத்தமே நூற்றைம்பது கேசட்தான் போட்டார்கள்,
தூர்க்குவில், ஒரு சைக்கிள் கடைக்கு அடியில்..."
என்று ஆரம்பித்தேன்.
"இருநூற்றைம்பது ஹெர்ட்ஸ்" என்றாள்.
"இடது பக்கம் கொஞ்சம் தூக்கல்.
காலை எட்டு முதல் நாலு வரை
கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு
இதைத்தான் அனுப்புகிறேன், ரெய்மா.
கேட்டால் பொத்தானை அழுத்துவார்கள்.
நீ காசு கொடுத்து வாங்கியிருக்கிறாய்."

தம்பெரேயின் காதுகளில் பாதி
அவள் கையால் சோதிக்கப்பட்டவை.

விடவில்லை நான்.
ஹெர்வந்தா போகும் மூன்றாம் எண் டிராமில்
ஆளுக்கொரு காதாக ஒயரைப் பங்கு வைத்து
தாளம் தடுக்கித் தடுக்கி விழும் ஒன்றை,
மழை ரேடியோவுக்குள் பெய்வதுபோன்ற ஒன்றை,
உறைந்த ஏரியின் முதுகில் மைக்கை ஒட்டி
எவனோ பதிவுசெய்த ஏப்பங்களை.
அவள் பொறுமையாக ஜன்னலைப் பார்த்தாள்.
இறங்கும்போது "முடிந்துவிட்டதா, இல்லை
இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?" என்றாள்.

அவளுக்கும் ஒரு ரகசியம் இருந்தது.
பழைய வீடியோ கேம் சில்லுகளில் செய்த இசை,
நிமிடத்துக்கு நூற்றெழுபது துடிப்பு,
சர்க்கரை தின்ற அணில்கள் கூட்டமாகக் கத்துவதுபோல.
அதைப் போட்டால் மூன்றாவது பாட்டுக்குள்
குளியலறை பளபளக்கும்.
"சின்னப்பிள்ளைத்தனம்" என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
வியாழன் வரை தொலைபேசி ஒலிக்கவில்லை.

மார்ச் மாத ஞாயிறு.
நேசியார்வியின் பனிக்கட்டி ஓரங்களில் சாம்பல் பூத்திருந்தது.
அவள் கம்பளிக் காலுறையில் ஓட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.
நான் பேருக்கு அந்தக் கேசட்டை ஓடவிட்டிருந்தேன்.
முப்பத்தோராவது நிமிடத்தில் ஊசி நின்றது.
"யார் விசிலடிக்கிறார்கள்?"
"எங்கே?"
"இதோ... ம்ஹூம். போய்விட்டது."
பின்னால் ஓட்டினேன். மறுபடி போட்டேன்.
அவள் விரலைத் தூக்கினாள்.
விரல் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

சனிக்கிழமை, மருத்துவமனை காலியான பிறகு
அந்தக் கூண்டில் என்னை உட்காரவைத்தாள்.
பொத்தானை அழுத்தினேன். அழுத்தினேன்.
பிறகு வெகுநேரம் அழுத்த எதுவுமில்லை.
கண்ணாடிக்கு அப்பால் அவள் முகம்
வேலை நேரத்து முகமாக இருக்கப் பார்த்துத் தோற்றது.
காகிதத்தில் என் கோடு
பன்னிரண்டாயிரத்தில், இருட்டில் ஒரு படி குறைந்ததுபோல
சட்டென்று கீழே போயிருந்தது.
"நாற்பத்தேழு வயதுக்கு இது சகஜம்" என்றாள்.
கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:
"வாங்கிய வயதில் உனக்கு அது கேட்டிருக்கும்.
ஒருவேளை அதற்காகத்தான் வாங்கியிருப்பாய்."

பேருந்து நிறுத்தம் வரை நான் பேசவில்லை.
எனக்கு அந்தக் கேசட் மனப்பாடம் என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.
எந்த வருடம் போனது அந்த விசில்?
கதவைக்கூடச் சாத்தாமல்.

"எப்படி இருக்கிறது அது?"
யோசித்தாள். ஹெர்ட்ஸ் சொல்லவில்லை.
"பக்கத்து வீட்டில் யாரோ
தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு அடிக்கும் விசில்.
மெட்டெல்லாம் இல்லை.
நடுவில் ஒருமுறை மூச்சு வாங்குகிறார்கள்."

இப்போது முப்பத்தோராவது நிமிடத்தில்
அவள் விரல் என் மணிக்கட்டில் வந்து அமரும்.
மூச்சு வாங்கும் இடத்தில் லேசாக எழும்பும்.
முடிந்ததும் எடுத்துக்கொள்வாள்.
சில ஞாயிறுகளில் கேசட் தீர்ந்து
டக்கென்று இயந்திரம் நின்ற பிறகும்
விரல் அங்கேயே இருக்கிறது.
ஏனென்று நான் கேட்பதில்லை.

பிறகு அணில்கள்.
நான் வாளியில் தண்ணீர் பிடிக்கிறேன்.