நாற்பது பைசா

ஐம்பத்து நாலு புள்ளி ஆறு.
மூன்று வருச பி.காமின் மொத்தம் அது.
ஐம்பத்தைந்து இருந்தால்
நேராக இன்டரில் சேரலாம் என்கிறது விதி.

காங்கயம் ரோட்டு கம்பெனி மாடியில்
நாளொன்றுக்கு அறுபது பில் போடுகிறேன்.
காம்பாக்டிங், காலர், பிரின்டிங் ஜாப் ஒர்க்.
எல்லா பில்லுக்கும் அடியில்
ரவுண்ட் ஆஃப் என்றொரு வரி உண்டு.
அறுபது பைசாவில் முடிந்தால்
மீதி நாற்பதை டேலியே போட்டு
முழு ரூபாயாக்கிக்கொள்ளும்.
யாரும் கேட்பதில்லை. பேங்கும் கேட்பதில்லை.

எனக்கு அந்த வரி இல்லை.

ஊத்துக்குளியில் ஏறும் பாசஞ்சரில்
மிதுலாவும் நானும் ஒரே கம்பியைப் பிடித்து நிற்போம்.
அவள் ஏ.சி.சி.ஏ.
பரீட்சைக் கட்டணம் பவுண்டில்.
ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு
'பேப்பருக்கு ஒரு எருமக்கன்னு போகுது புள்ள,
ஒம்போது பேப்பர்' என்றாள்.
அவள் வீட்டில் கட்டுத்தரை இருக்கிறது.
எங்களுக்கு வாடகை வீடும்
தவணை முடியாத ஒரு ஸ்கூட்டியும்.

சாயப்பட்டறையில் காஸ்டிங் பார்க்கும் தாரகேசன்
சி.எம்.ஏ.வுக்கு வரச் சொல்கிறான்.
'டிகிரி பாஸானாப் போதுங்க, மார்க்கு கேக்கறதில்ல.
ஒரு பனியன் என்ன வெலைக்கு அடங்குதுன்னு
மொதலாளிக்கே தெரியாதுங்க.
நூலுக்கு இவ்வளவு, நிட்டிங்குக்கு இவ்வளவு,
சாயத்தண்ணியச் சுத்தம் பண்ண இவ்வளவுன்னு
நாம சொன்னாத்தான் உண்டு.'
நல்ல வழிதான்.
இரண்டு ராத்திரி தூங்காமல்
அந்த வழியில் நடந்து பார்த்தேன்.

அம்மா போட்டது வேறு கணக்கு.
பவுண்டேசன் நாலு மாசம், இன்டர் எட்டு,
ஆர்டிகிள்ஷிப் ரெண்டு வருசம்,
ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது,
ஒருக்கா தவறினால் அதுக்கொரு ஆறு மாசம்.
விரல் மடக்கிக்கொண்டே வந்து
'இருவத்தெட்டு' என்று நிறுத்தினாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.
குக்கரை இறக்கி வைத்தாள்.

போன செப்டம்பரில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.
ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஒரு பையன் வந்தான்,
ஆர்டிகிள், மீசை அரும்பும் வயசு,
கையில் பச்சை மைப் பேனா.
வவுச்சர் கட்டைப் புரட்டிப் புரட்டி
டிக், டிக், டிக்.
காலர் பில் ஒன்று இரண்டு தடவை ஏறியிருந்தது,
பதினெட்டாயிரத்துச் சொச்சம்.
சைபர் எண்பத்தேழு என்று ஒன்றில்,
வெறும் எண்பத்தேழு என்று இன்னொன்றில்.
எனக்கு முன்னால் இருந்தவர் போட்டது.
பேனா இரண்டின் மேலும் போனது.
'சார், அது வந்து' என்றேன்.
'டீ சொல்றீங்களாக்கா' என்றான்.

டீ சொன்னேன்.
பிறகு நானே ரிவர்ஸ் என்ட்ரி போட்டேன்,
நேரேஷனில் காரணம் எழுதி.
இன்றுவரை அதை யாரும் படிக்கவில்லை.

தப்பைக் கண்டுபிடிக்க என் மார்க்கு போதும்.
கண்டேன் என்று கையெழுத்துப் போடத்தான்
நாற்பது பைசா குறைகிறது.

ஆக, பவுண்டேசன்.
பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு, மொதல்ல இருந்து.
சனிக்கிழமை ராத்திரி பத்து மணிவரை
சம்பளக் கவர் போட்ட விரல்களில்
நோட்டு வாசம் போகாமல்
ஞாயிறு காலை ஈரோடு, மேட்டூர் ரோடு, இரண்டாவது மாடி.

உள்ளே நுழைந்ததும்
நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள்.
'குட் மார்னிங் மிஸ்.'
ஒருத்தி போர்டு துடைக்கவே ஓடினாள்.

மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.
சிரிப்பு அடங்க நேரமானது,
என்னுடையதும்தான்.
பக்கத்தில் சத்தியமங்கலத்துப் பையன்,
பல்லுக்குக் கம்பி போட்டவன்,
குசுகுசுவென்று கேட்டான்:
'அக்கா, டெபிட்டுன்னா எந்தப் பக்கங்க?'

'இடது பக்கம், சாமி.'

வாசற்கதவும் அந்தப் பக்கம்தான் இருந்தது,
சாத்தாமல்.