உறைக்கும், உறையும்

திரும்ஷிங் லா கணவாயில்
தண்ணீர்க் குழாய் உறைந்துபோன காலையில்
சாலை முகாமில் இருந்தவை:
ஐந்து ஆட்கள், ஒரு புல்டோசர்,
தேநீருக்குப் போட அரை மூட்டை உப்பு,
நாலு மூட்டை மிளகாய்.
பூட்டானில் மிளகாய் ஒரு காய்கறி.
நாம் வெண்டைக்காய் வாங்குவதுபோல்
அவர்கள் அதை நிறுத்து வாங்குகிறார்கள்.

"குழாய்மேல் மிளகாய்ப்பொடி கொட்டுவோம்"
என்றான் ஜுர்மே.
"நேற்று ஏமா தாட்சி தின்றபோது
என் மொட்டைத் தலையில் ஆவி பறந்ததா இல்லையா?"

பறந்ததுதான். எல்லோரும் பார்த்தார்கள்.
புல்டோசர் ஓட்டும் யாங்கே
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றியபடி சொன்னாள்:
"யாக் சாணியிலும்தான் ஆவி பறக்கிறது.
அது என்ன மிளகாயா தின்றது?"

பந்தயம், ஒரு வாரத்து விறகு.

முதலில் ஜுர்மேயின் கக்கத்தில்
மருந்துப்பெட்டித் தெர்மாமீட்டர்:
முப்பத்தாறு புள்ளி ஏழு.
பிறகு ஒன்பது மிளகாய், விதையோடு.
காது சிவந்து, மூக்கு ஒழுகி,
விக்கல் வந்து, அம்மாவைக் கூப்பிட்டு,
மறுபடியும் கக்கத்தில்:
முப்பத்தாறு புள்ளி ஏழு.
"எரியுதே!" என்றான்.
பாதரசம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சூட்டுக்கென்று நாக்கில் ஒரு கதவு உண்டு.
மிளகாயிடம் இருப்பது அதன் கள்ளச்சாவி.
கதவு திறந்ததும் மணி அடிக்கிறது,
தீயே இல்லாத வீட்டுக்குத்
தீயணைப்பு வண்டி வருகிறது,
வந்ததற்கு நெற்றி முழுக்க நீர் தெளிக்கிறது.
கணக்குப் பார்த்தால்
அந்த ஒன்பது மிளகாய்
ஜுர்மேயைக் கொஞ்சம் குளிரத்தான் வைத்தன.

அவன் விடவில்லை.
இரவில் மூன்று தகரக் குவளைகளில் பனிக்கட்டி.
ஒன்றில் மிளகாய்ப்பொடி, ஒரு கை.
ஒன்றில் ஏதுமில்லை.
ஒன்றில், வம்புக்கென்றே, யாங்கேயின் உப்பு.
வெளியே சுழியத்துக்கு ஆறு கீழே.
விடிந்து பார்த்தால்
மிளகாய்க் கட்டியும் வெறும் கட்டியும்
இரட்டைப் பிள்ளைகள்போல் அப்படியே இருந்தன.
உப்பு மட்டும், ஒரு சொட்டுக்கூட உறைக்காத உப்பு,
தன் குவளையில் தளதளத்துக் கிடந்தது.

ஆத்திரத்தில் ஜுர்மே
பொடி மூட்டையின் கழுத்தைப் பிடித்துச்
சரிவில் உதறினான். போனான், படுத்துக்கொண்டான்.

நடுப்பகலில் யாரோ கத்தினார்கள்.
பொடி விழுந்த இடமெல்லாம்
விரல் ஆழத்துக்குப் பனி குழிந்திருந்தது.
சுற்றிலும் வெள்ளை, கலையாமல்.
ஜுர்மே காலுறையோடு ஓடிவந்து ஆடினான்.
"பார்! பார்! பார்!"

யாங்கே பார்த்தாள்.
ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்
ஒரு வாளி கரி அள்ளிவந்து
பக்கத்திலேயே தூவினாள்.
ஒரு மணி நேரத்தில் கரி
மிளகாயைவிட ஆழமாய் இறங்கியிருந்தது.
சிவப்பைத் தின்ற வெயில்
கறுப்பை இன்னும் ஆசையாய்த் தின்றது.
மிளகாய் ஜெயித்ததுதான்.
ஆனால் காரத்தால் அல்ல, நிறத்தால்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது:
குழாயும் கறுப்பு.
மேலே மூடிய பனியைத் தள்ளிவிட்டு
நாற்பது மீட்டரையும் வெயிலில் கிடத்தினார்கள்.
இரண்டரை மணிக்கு அது இருமியது,
ஒரு நீளக் கண்ணாடிக் குச்சியைத் துப்பியது,
பிறகு தண்ணீர்.

விறகை யார் சுமந்தார்கள் என்பதில்
இன்றுவரை இரண்டு கதை.

அன்றிரவு எல்லோரும் தூங்கிய பின்
யாங்கே வாசலில் நின்று
ஒரே ஒரு மிளகாயைக் கடித்தாள்.
வயலெட் இருட்டு, சுழியத்துக்குப் பதினாறு கீழே.
தமிழில் இரண்டுக்கும் நடுவே
ஒரு புள்ளி வைத்த எழுத்துதான்.
உறைத்தது.
கண்ணில் நீர் முட்டியது,
இமைவரை வந்து
அங்கேயே உறைந்தது.