நிறுவாமல் பார்த்தல்

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடையில் ஒரு கணினி.
ஓசூர் கம்பெனி ஒன்று கழித்துப் போட்டதை
வாங்கி வந்து எனக்கு விற்றவர் சிக்கராஜ்.
ஆறு வருடமாகத் தினம் காலையில்
'வருக, சிக்கராஜ்' என்கிறது.
நான் மாதேஸ்வரி.
சொன்னால் கேட்கிற ரகம் இல்லை அது.

வலது மூலையில் மங்கலாக ஒரு வாசகம்,
விண்டோஸை முறைப்படுத்தச் சொல்லி.
கடன் கொடுத்தவர்
கடை வாசலில் ஒன்றும் பேசாமல் நிற்பது போல.
அவரை நிற்க வைத்துக்கொண்டேதான்
வருமானச் சான்று, பட்டா, லாரி வாடகைச் சீட்டு
எல்லாம் அடித்துக் கொடுத்தேன்.

இந்த ஐப்பசியோடு சரி, என்றது அது.
உன் இயந்திரத்தில் இனிப் புதியது ஏறாது.

லினக்ஸ் போடுங்கக்கா, என்றான் மாரண்டஅள்ளி ருத்ரேஷ்.
எதை?
ஆர்ச், என்றான் கண்ணில் வெளிச்சத்தோடு.
எல்லாவற்றையும் நாமே எழுதிச் சேர்க்கலாமாம்.
தம்பி, காட்டைத் திருத்திக்கோ,
கல்லை அடுக்கிக்கோ என்கிறாய்.
எனக்கு வேண்டியது
ஷட்டரைத் தூக்கினால் திறக்கிற கடை.

நாளுக்கு ஒன்றரை ஜிபி.
ஒரு இரவில் பாதி, மறு இரவில் மீதி.
நாத்தனார் கல்யாண வீடியோ இருந்த பென்டிரைவை
அவளைக் கேட்காமலே அழித்தேன்.

முதலில் உபுண்டு.
அழகுதான். ஆனால் என் இரண்டு ஜிபி நினைவகத்தில்
தொப்பூர் கணவாயில் கிரானைட் ஏற்றிய லாரியாக
முனகி முனகி ஏறியது.
அம்புக்குறியை நகர்த்திவிட்டு
டீ சொல்லிக் குடித்து முடித்தேன்,
அது இன்னும் வந்துகொண்டிருந்தது.

அடுத்தது மின்ட். புதினாவாம்.
அதிலேயே பட்டை என்றொரு வகை.
பிரியாணிக்கடைக்காரர் யாராவது செய்திருப்பாரோ?
பட்டை வேண்டாம், இலேசானதை எடுங்க,
என்றான் ருத்ரேஷ், ஆர்ச் கோபம் ஆறி.

நிறுவாமலே பார்க்கலாம், என்றது திரை.
இது பிடித்தது எனக்கு.
கிரேடின் மேல்வரிசையைப் பார்த்து
மண்டியில் யார் விலை சொல்வார்?
கையை அடிவரை விட்டு, நடுவில் ஒன்றை எடுத்து
கட்டைவிரலால் அழுத்துவார்கள்.
நானும் அழுத்தினேன்.
வைஃபை இல்லை.
செல்போனை ஒயரில் செருகினால் வந்தது.
தமிழ் விசைப்பலகை இருந்தது,
தேட வேண்டியிருந்தது.
ஒவ்வொரு முறையும் சிடி கேட்டு அழும் பிரிண்டர்
வாய் திறக்காமல் ஒரு தாளைத் துப்பியது.
சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

பழைய பில்கள் மட்டும்
கமாவும் கேள்விக்குறியுமாகக் கொட்டின.
அந்த எழுத்துரு பக்கத்தில் இருந்த வரைக்கும்தான்
அது தமிழ் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

பென்டிரைவைப் பிடுங்கினால்
ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி சிக்கராஜ்.
மூன்று நாள் இப்படி.

நான்காம் நாள், கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்து
மண்டி வெறிச்சோடிய மத்தியானம்,
பில்களை ருத்ரேஷின் வட்டில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன்.
முழுவதையும் அழிக்கவா, என்றது.
எதிரே ஒருவர்
விற்காத கிரேடுகளைச் சாலையோரம் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.
அந்தப் பக்கம் பார்க்காமல்
ஆம் என்றேன்.

உங்கள் பெயர்?
கேட்டது இயந்திரம்தான்.
ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
பெரிய எழுத்து கூடாதாம், இடைவெளி கூடாதாம்.
சின்ன எழுத்திலேயே அடித்தேன்.
கணினியின் பெயர், என்று அடுத்த கேள்வி.
அதை நான் யோசித்திருக்கவில்லை.
அதுவே ஒன்று சொன்னது, இருக்கட்டும் என்று விட்டேன்.

வலது மூலையில் இப்போது யாரும் நிற்கவில்லை.
பழக்கத்தில்
அந்த இடத்தை விட்டுவிட்டே
இன்னும் ஜன்னல்களைத் திறக்கிறேன்.