திரும்பி வந்த சாக்கு

தோவாளையிலிருந்து ஒரு சாக்கு திரும்பி வந்தது.
அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்டியிருந்தார்கள்,
முடிச்சு என்னுடையதில்லை.
மினி லாரிக்காரன் ஷாஜின்
திருவட்டார் வரைக்குமான வாடகையை
என்னிடமே வாங்கிக்கொண்டு
நாலாய் மடித்த தாள் ஒன்றை நீட்டினான்:
“உரத்தில் வாடை இல்லை. ரூபாய் வேணும்.
பூதலிங்கம், பிச்சித் தோட்டம்.”

வாடை இல்லைதான்.
நாற்றத்தையெல்லாம் அவருக்கு முன்னாலேயே
நான் முகர்ந்து தீர்த்துவிட்டேன்:
ஆவி அடங்காத சாணம்,
மழையில் ஊறி நுரைத்த சக்கை மடல்,
கறுத்து ஒழுகிய மட்டி வாழைத்தண்டு,
பக்கத்து வீட்டு லீலாபாய்
ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்த ஆனி மாதம்.
அத்தனையும் தின்றுவிட்டுப் புழுக்கள்
கறுப்பாய், பொடிப்பொடியாய்
இதைத் திருப்பித் தந்தன.
மூக்கை உள்ளே விட்டால்
கொஞ்சம் மழை. அவ்வளவுதான்.

ஒருநாள் ரசலையன் டப்பா மாறித்
தேயிலை என்று இதைக் கொதிக்க வைத்தார்.
விடியுமுன் நாலு மணி,
தலையில் பால்வெட்டு விளக்கு.
ஒரு வாய் குடித்துவிட்டு
“சாயாக்குக் கடுப்பம் போராதே” என்றார்.
மிச்சத்தைக் கறிவேப்பிலை மூட்டில் ஊற்றினேன்.
இரண்டு மாதத்தில் அது
அடுக்களை ஜன்னல் கம்பிக்குள் கை நீட்டியது.

நாலு தொட்டி. மேலே கீற்று, கோழி வலை.
சுற்றிலும் உறும்புக்காக ஒரு விரல் தண்ணீர்.
அள்ளுவதற்கு நாலு நாள் முன்பே
நனைப்பதை நிறுத்திவிடுவேன்.
மேல் காயக் காய அவை கீழே இறங்கும்.
நடுவில் ஒரு சாண உருண்டை வைத்தால்
மறுநாள் அது தனியாக இருக்காது,
கல்யாண வீட்டுப் பந்திபோல் நெளியும்.
இரவில் பார்க்கப் போனால்
டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றிக்கொள்வேன்,
போன வருஷ கிறிஸ்துமஸ் ஸ்டாரில் கிழித்தது.
சிவப்பு அவற்றுக்கு இருட்டு.
எத்தனை நேரம் நின்றாலும்
நான் வந்தது தெரியாமல்
தின்றுகொண்டிருக்கும்.

ரேஷன் கடை வரிசையில்
எனக்குப் பேர் ‘புழுக்காரி’.
முதல் மாதம் கையுறை போட்டேன்.
இப்போது தொட்டியில் கை வைத்தபடியே
போனைத் தோளில் இடுக்கி
விலை பேசுகிறேன்.

பூதலிங்கத்துக்குப் பணம் அனுப்பினேன்,
அறுநூறு ரூபாய், முழுசாக.
சாக்கைத் தொடவில்லை. கோபம்.
தொழுத்து மூலையில் கிடந்தது ஒரு வாரம்.
ஐப்பசிச் சாரல் ஒரு பக்கத்தை நனைத்திருந்தது.
தண்ணீர் உள்ளே இறங்கிவிடுமே என்று
கடைசியில் இழுத்து உட்கார்ந்தேன்.
அந்நிய முடிச்சு
அவிழ நேரமெடுத்தது.

ஒரு கை அள்ளிச் சுளகில் பரப்பினேன்.
சல்லடைக்குத் தப்பிய முட்டைகள்,
கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு,
எலுமிச்சை வடிவம், தேன் நிறம்.
பலதும் காலியாக இருந்தன.
பக்கத்தில் வெள்ளைத் தையல் நூலை
நறுக்கிப் போட்டதுபோல்
சிவப்பு இன்னும் ஏறாத குஞ்சுகள்.
ஒன்று தலையா வாலா தெரியாத நுனியைத் தூக்கி
காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்துக்கொண்டது.

இவை தோவாளைக்குப் போயிருக்கின்றன.
ஆரல்வாய்மொழிக் காற்று மோதுகிற கொட்டகையில்
மூன்று வாரம் இருந்திருக்கின்றன.
பிச்சி மொட்டு பறிக்கிறவர்களின்
விடிகாலைப் பேச்சைக் கேட்காமல்,
வாடை இல்லை என்ற வசவையும் கேட்காமல்,
ஓட்டுக்குள் சுருண்டு
திரும்பி வந்திருக்கின்றன.

சொல்லலாமென்று போன் போட்டேன்.
“பணம் வந்துட்டு” என்றார் பூதலிங்கம்.
வைத்துவிட்டார்.

தராசில் தூக்கி வைத்தேன்.
ஐம்பது கிலோ முந்நூறு கிராம்.
கூடின முந்நூறில்
மழை எவ்வளவு, இவை எவ்வளவு?
நோட்டில் ‘திரும்பியது: ஒரு சாக்கு’ என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
‘வரவு’ பக்கத்தில் எழுதினேன்:
எண்ணவில்லை.

நாலாம் தொட்டியில் இடம் இருந்தது.