கள்ளி – 1

ஊட்டி கேரட் ஏற்றி வரும் மொக்கச்சாமி அண்ணன்
சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தார்
செய்தித்தாளில் சுற்றிய ஒரு மடல்.
நாகதாளிதான். ஆனால் முள் கிடையாது.
"உறைபனியிலயும் சாகாதாம்" என்றார்.
கப்பலூர் கோல்டு ஸ்டோரேஜ் வாசலில்
இருவரும் சிரித்தோம்.
அன்று வெயில் நூற்றுநாலு.

வெட்டுவாய் காயட்டும் என்று
நாலு நாள் படிக்கட்டு நிழலில் போட்டிருந்தேன்.
ஆற்றுமணல் எங்கே கிடைக்கிறது? எம்-சாண்ட்,
செங்கல் பொடி, கொஞ்சம் செம்மண்.
ஆணியைக் காய்ச்சி பெயிண்ட் வாளியின் அடியில் ஐந்து ஓட்டை.
மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள்.
இரண்டு வாரம் தண்ணீர் காட்டக் கூடாது.
தண்ணீர் ஊற்றாமல் ஒரு செடியை வளர்ப்பது
தொட்டில் அழும்போது
கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மாதிரி.

மீட்டர் பார்க்க மாடிக்கு வந்த வீட்டுக்காரம்மா சீனியம்மாள்
வாளியைப் பார்த்து நின்றார்.
"கள்ளியக் கொண்டாந்து வீட்டுல வைப்பாகளா?
குடும்பத்துக்குள்ள சண்டை வரும்."
அந்த ஒற்றை அறையில்
நான் மட்டும்தான் இருக்கிறேன் என்பதை
அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
"முள்ளு இல்லக்கா" என்று
உள்ளங்கையால் தடவிக் காட்டினேன்.
"முள்ளு இல்லாத கள்ளி, அதென்ன கள்ளி?"

ராத்திரி கை அரித்தது.
டியூப்லைட்டில் சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது,
பொன்னிறத்தில், பூனைமுடியை விடச் சன்னமாக,
நூறு இருக்கும்.
செல்லோடேப் ஒட்டி ஒட்டிப் பிய்த்தேன்.
பாதி வந்தது.

எனக்கும் ஒரு ஜெர்க்கின் உண்டு,
எனக்கு முன்னால் வேலை பார்த்த ஆளுடையது,
தோள் தொங்கும்.
மைனஸ் பதினெட்டில் இருபது நிமிடம், வெளியே பத்து நிமிடம்.
வெளியே வந்ததும் கண்ணாடி பனித்துவிடும்;
வில்லாபுரம் பஸ் வருகிறதா என்று
கொஞ்ச நேரம் யாரிடமாவது கேட்டுக்கொள்ள வேண்டும்.

மழைக்குப் பிறகு மூன்று மடல் விட்டது.
தட்டட்டியாக, அடையைப் போல.
மார்கழியில்கூட இந்த ஊரில்
போர்வையை உதறிவிட்டுத்தான் தூங்குகிறோம்.
அது தாங்கப் படித்திருக்கும் ஒன்று
இங்கே வரவே போவதில்லை.
படித்தது வீணாகக் கூடாது என்று நினைத்தேனா,
மொக்கச்சாமி சொன்னதைச் சோதித்தேனா,
இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
ஒரு மடலை ஒடித்து டிபன் பையில் வைத்து
வேலைக்குக் கொண்டுபோனேன்.

கேரட் அறை, பூஜ்ஜியம் டிகிரி.
ஆப்பிள் பெட்டிகளுக்குப் பின்னால் ஒன்பது நாள்.
ஸ்டாக் எடுக்க வந்த சூப்பர்வைசர் கேட்டார்:
"இது எந்தப் பார்ட்டி சரக்கு?"
"என் சரக்கு சார்."
சிரிப்பார் என்று பார்த்தேன்.
பேரேட்டில் எழுதினார்: கள்ளி – 1.
வாடகைக் கட்டத்தில் கோடு போட்டார்.

திரும்பி வந்தபோது அது சுருங்கியிருந்தது,
குளத்தில் அதிக நேரம் கிடந்த விரல் மாதிரி.
உள்ளே இருக்கும் தண்ணீரை விட்டுவிட்டுத்தான்
பனியைக் கடக்குமாம் அந்த ஜாதி.
நட்டதும் வாளி விளிம்பில் தலை சாய்த்துக்கொண்டது.
தை பாதியில் நிமிர்ந்தது.
மாசியில் விளிம்போரம் ஒரு சிவப்பு மொட்டு,
மொட்டு இல்லை, குட்டி மடல்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஷிப்டு மாற்றிக் கொடுத்ததில்
பதினேழு நாள் நான் மாடிப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.
போய்ப் பார்த்தபோது
புதிய மடலின் நடுவே
வெள்ளையாக, ஊசி நீளத்துக்கு,
ஒரே ஒரு முள்.
வாளியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை
துணி காயப்போட வந்த சீனியம்மாளின்
சேலைக்கரை அதில் மாட்டியது.
வசவுக்குக் காத்திருந்தேன்.
அவர் குனிந்து உட்கார்ந்தார்.
நூல் அறுந்துவிடாமல்
மெதுவாகக் கழற்றினார், நேரமெடுத்து.
"இப்பத்தான்" என்றார்.
அடுத்த ஈரத்துணியை உதறப் போய்விட்டார்.