கீப்பரின் கணக்கு

மாரி ஓய்ந்துவிட்டது.
லீக் தொடங்க இன்னும் ஒன்பது நாள்.
பந்து போடுகிறவர்களை எழுதித் தா என்கிறார் செயலாளர்.
எழுத என்ன இருக்கிறது,
என் இடது கையைப் பார்த்தாலே போதும்.

பெருவிரல் அடியில் மூன்று வருட வீக்கம்
நிரோஜன் தந்தது.
இப்போது வற்றிவிட்டது.
தோள் எப்படி என்று கேட்டால் சிரிக்கிறான்.

ரிஸ்மி கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவான்.
முதல் ஓவரில் பாலத்துக் காற்று
சட்டைக்குள்ளேயே இருக்கும்.
இரண்டாவதிலிருந்து நம்பலாம்.

சுழலுக்கு யூட்.
டச்சுக் குடாப் பக்கமிருந்து காற்றடித்தால் அவன் ராசா,
அடிக்காவிட்டால் பந்தைக் கடலில்தான் தேட வேண்டும்.
காற்றைப் பன்னிரண்டாவது ஆளாகப் பதியலாமா
என்று கேட்டேன். செயலாளர் சிரிக்கவில்லை.

புதிதாக ஒரு பையன், துவாரகன்.
நேற்றுப் பள்ளிக் காற்சட்டையோடு வந்தான்.
ஆறு பந்தில் நாலு வைட்.
மற்ற இரண்டையும் நான் காணவில்லை,
கையுறைக்குள் சத்தம் மட்டும் கேட்டது.

பட்டியலை அனுப்பிவிட்டேன்.
முதல் பெயர் நிரோஜன்,
பழக்கத்தில் எழுதியது.
துவாரகனைக் கடைசியில், அடைப்புக்குறிக்குள்.

இரவு பதினொரு மணி.
ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப்
பெருவிரலில் வைக்கிறேன்.
அங்கே நோகவில்லை.
உள்ளங்கை நடுவில்
புதிதாக ஒன்று துடிக்கிறது.