துளையிட்ட தாள்கள்

என் பெயரின் முன்பாதியில் கடவுள் இருக்கிறார்.
ஹோதலீவ.
பதினேழு வயதில் அவரை வெட்டிவிட்டுப்
பின்பாதியோடு பிழைத்துக்கொண்டேன்: லீவ.
எங்கள் ஃப்ளெமிஷில் அதற்கு 'அன்பான' என்று பொருள்.
பொருந்துகிறதா என்பதை
மூன்றாம் மாடி நர்ஸ்களிடம்தான் கேட்க வேண்டும்.

கோர்ட்ரைக் மருத்துவமனையில்
பாதிரியாருக்கு ஒரு மேசை, இமாமுக்கு ஒன்று,
எதையும் தொழாதவர்களுக்காக
ஜன்னல் ஓரம் நான்.
அவர்கள் கையில் தோல் அட்டை, பொன் விளிம்பு.
என் கையில் நீல வளையக் கோப்பு.
கிளிப் கோணல். அழுத்தினால்தான் மூடும்.

இதில் எதுவும் வானிலிருந்து இறங்கவில்லை.
எல்லாம் லிஃப்டில் ஏறி வந்தவை.
ஒன்பதாம் தாள், மகனைப் புதைத்த பேக்கரிக்காரர் எழுதியது:
"மூன்றாம் வாரம் மாவு பிசைந்தேன்.
உப்புப் போட மறந்தேன்.
வாங்கியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை."
பதினான்காம் தாள் என்னுடையது,
வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது:
"வலி நமக்குப் பாடம் சொல்கிறது."
அழகான கையெழுத்து.

பிப்ரவரியில் வந்தார் வானஸ் டெஸ்கேமாக்கர்.
லெய் ஆற்றில் முப்பத்தொரு வருடம்
படகு மதகு திறந்து மூடிய கை.
கணையத்தில் கட்டி.
"ஏதாவது படி. ஆமென் மட்டும் வேண்டாம்."
படித்தேன். பதினான்கில் நிறுத்தினார்.
"பேனா இருக்கிறதா?"

கோடு நேராக வரவில்லை. மறுபடி அடித்தார்.
தாள் கிழிந்தது.
ஓரத்தில் எழுதினார்:
"பொய். வலி வலிக்கும். மருந்தை நேரத்துக்குக் கொடு."
அச்சுப்பிழைகூடத் திருத்தத் துணியாத வீட்டில்
வளர்ந்தவள் நான்.
காது சுட்டது.
பிறகு, எதற்கென்று தெரியாமல், சிரித்தேன். அவரும்.

இரண்டு நாள் கழித்துத் தானே ஒரு தாள் கேட்டார்.
"இரண்டு பக்கமும் நீர் சமமாகும்வரை
கதவு திறக்காது.
தோள் கொடுத்துத் தள்ளுகிறவன்
தோளைத்தான் இழப்பான்."
"மரணத்தைச் சொல்கிறீர்களா?" என்றேன்.
"மதகைச் சொல்கிறேன்" என்றார்.

கடைசி இரவு அவர் தங்கை ரோஸமரைன்
ஜெபமாலையோடு வந்தாள்.
கை நடுங்கியதால் மறுமுனையை என்னிடம் நீட்டினாள்.
பிடித்துக்கொண்டேன்.
மணிகள் நான் நினைத்ததைவிடக் கனம்.
அவள் முணுமுணுத்தாள், நான் எண்ணினேன்,
வெறும் எண்களைத்தான்.
ஐம்பத்து மூன்றில் அவர் மூச்சு தவறியது.
திரும்பி வந்தது.
எழுபதில் வரவில்லை.

பதினான்காம் தாளை நான் எடுத்து எறியவில்லை.
அடித்தது அடித்தபடியே இருக்கிறது, கிழிசலோடு.
அதைத்தான் இப்போது முதலில் கேட்கிறார்கள்.

அவருடைய தாளுக்கு இன்று துளை போட்டேன்.
அவசரம். அளவு பார்க்கவில்லை.
இரண்டு வெள்ளை வட்டங்கள் தரையில் விழுந்தன.
ஒன்றில் ஒன்றுமில்லை.
மற்றதில் கறுப்பாக, சிறியதாக,
அவர் வாக்கியத்தின் முற்றுப்புள்ளி.
தேடி எடுத்து ஒட்டலாம்தான்.
துப்புரவு வண்டி வராந்தாவில் வருகிறது,
அறை முந்நூற்றுப் பன்னிரண்டில் மணி அடிக்கிறது,
கிளிப்பை அழுத்தி மூடிக்கொண்டு
நடக்கிறேன்